தென்னாப்பிரிக்காவில் முதன்முதலாகக் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு) வாங்கப்போகிறோம், ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்கள் காரைப் பாருங்கள். கேரவனை அப்புறம் பார்க்கலாம்.

நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கடையில் ஆறு பேர் படுக்கும் கேரவனுக்குள் ஏறினோம். மனைவி சமையல் மேடையைத் தடவிப் பார்த்தாள், பிள்ளைகள் மெத்தையில் குதித்தார்கள், அதோடு முடிவாகிவிட்டது. உங்கள் கார் தாராளமாக இழுக்கும் என்றார் விற்பனையாளர். முன்பணம் கட்டப்போன நேரத்தில் லெனேசியாவில் இருக்கும் மாமாவுக்குச் சந்தோஷமாகப் போன் போட்டேன். மெல்ரோஸ் முருகன் கோயிலில் பழக்கமானவர், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, உன் கார் டிஸ்க்ல டேர் எவ்வளவு போட்டிருக்கு?"

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கை அதுவரை நான் படித்ததே இல்லை. டேர் என்பது வண்டியின் வெற்று எடை. ஜிவிஎம் என்பது சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அதிகபட்சம் இருக்கலாம் என்று அனுமதித்த எடை. இங்கே சாதாரணக் கேரவன்களில் ஓவர்ரன் பிரேக் இருக்கும். கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்கும். அப்படிப்பட்ட கேரவனின் ஜிவிஎம் உங்கள் காரின் டேரைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். பிரேக்கே இல்லாத சின்ன டிரெய்லர் என்றால் 750 கிலோவுக்குள், அதுவும் கார் டேரில் பாதிக்குள் இருக்க வேண்டும். எங்கள் கார் 1,260 கிலோ. நாங்கள் ஆசைப்பட்டதோ 1,500. கார் கம்பெனி தன் கையேட்டில் இதைவிடக் குறைவான இழுவை எடை போட்டிருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உங்கள் ஓட்டுநர் உரிமம். சாதாரண பி கோடு 750 கிலோ ஜிவிஎம் வரையுள்ள டிரெய்லருக்குத்தான். அதற்கு மேல் ஈபி (EB) என்ற கோடு வேண்டும். பழைய 08 கோடு வைத்திருந்தவர்களுக்கு மாற்றும்போது ஈபியாகவே கிடைத்தது, அதனால் அந்தத் தலைமுறை ஆட்களிடம் கேட்டால் "அதெல்லாம் தேவையில்லை" என்பார்கள். நான் தனியாகத் தேர்வு எழுதித்தான் வாங்கினேன். டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்கும்போது வரும் வியர்வையைச் சொல்லி மாளாது. ஒரு சூட்சுமம்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்புறமும் அந்தப் பக்கமே போகும்.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் இங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துதான் ஓடுகிறது. டர்பனில் இருந்து என்3 சாலையில் திரும்பும்போது, வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் இது புரியும்.

வாங்குவதில் அவசரமே கூடாது என்று மாமா ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. சிறுவயதில் டர்பனுக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் போகும்போது, வெள்ளையர்களின் கேரவன் முகாம்களை வேலிக்கு வெளியே இருந்து பார்த்திருக்கிறார். "உள்ளே போகவே நாற்பது வருஷம் காத்திருந்தேன் தம்பி, நீ ஒரு வாரம் காத்திருக்க மாட்டியா?" என்றார். அதற்குமேல் நான் என்ன பேச?

காத்திருந்தோம். நாலு பேர் படுக்கும் சின்னக் கேரவனை இரண்டு இரவு வாடகைக்கு எடுத்து மகாலீஸ்பர்க் பக்கம் போனோம். பிள்ளைகள் பக்கத்தில் கூடாரம் போட்டுத்தான் தூங்கினார்கள், சமையல் முழுக்க வெளியே நெருப்பில். ஆறு படுக்கை ஆசை அங்கேயே போயிற்று. நீங்களும் வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பிறகு ஒருவரிடம் பழைய கேரவன் ஒன்று வாங்கினோம். ஜூலை மாதம், நல்ல விலை, உள்ளே பளிச்சென்று இருந்தது. இங்கேதான் கோட்டை விட்டேன். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலத்தில் மழையே கிடையாது. ஒழுகும் கேரவன்கூட ஜூலையில் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். அக்டோபரில் முதல் இடிமழை அடித்த மறுநாள் கதவைத் திறந்தால் ஊறிய அட்டை நாற்றம். ஜன்னலுக்குக் கீழே சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறவைத்த அப்பளம் மாதிரி உள்ளே போனது. மேல் தகடு புதிதாக இருந்தாலும் உள்ளிருக்கும் மரச்சட்டம் மக்கியிருந்தது. பழுதுபார்க்க 18,000 ராண்ட் ஆனது.

ஆகவே குளிர்காலத்தில் வாங்கினால் தோட்டத்துக் குழாயோடு போங்கள். கூரை, ஜன்னல், காற்றுத் துவாரம் எல்லாவற்றின் மீதும் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து பாருங்கள். விற்பவர் மறுத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அலமாரிகளுக்குள் தலையைவிட்டு மோந்து பாருங்கள், மெத்தையைத் தூக்கி மூலைகளை அழுத்துங்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் வாங்கினால் ஏணி வைத்து ஏறிக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த குழிகளைத் தேடுங்கள். டர்பன் கடற்கரைப் பக்கத்து வண்டி என்றால் கீழே படுத்து சேசிஸின் (அடிச்சட்டத்தின்) துருவைப் பாருங்கள், உப்புக்காற்று அதைத்தான் தின்னும்.

டயரில் பூ (பள்ளக்கோடுகள்) தேயாமல் நிறைய இருந்தாலும் ஏமாறாதீர்கள். கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் புது டயரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்தி சான்றிதழ் வேண்டும், சேசிஸ் எண் பதிவுச் சான்றோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் ரோட்வொர்தியில் பிரேக், விளக்கு, டயர் பார்ப்பார்கள். ஒழுகலைப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்பிரைட், யூர்கன்ஸ், ஜிப்ஸி என்று எந்தக் கம்பெனி நல்லது என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய கேரவனில் கம்பெனியைவிட அது எங்கே நின்றது என்பதே முக்கியம். ஐந்து வருடம் வெயிலில் நின்றதைவிட, இருபது வருடம் கூரைக்கடியில் நின்றதைத்தான் நான் எடுப்பேன். உங்களுக்கும் அந்த இடம் வேண்டும். எங்கள் குடியிருப்பு காம்ப்ளக்ஸில் கேரவன் நிறுத்தவே அனுமதியில்லை, மாத வாடகைக்கு வெளியே நிறுத்துகிறோம்.

கடைசியாக, சாமான். எங்கள் கேரவனின் ஜிவிஎம்மில் டேரைக் கழித்தால் மிச்சம் 210 கிலோ. கூடாரம், கேஸ் சிலிண்டர், தண்ணீர், நாற்காலிகள் போக என் மாமியாரின் டேபிள்டாப் கிரைண்டருக்காக ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது (கிரைண்டர் ஜெயித்தது). கனமானதை அச்சுக்கு மேலே வையுங்கள், பின்னால் வைத்தால் மூக்கு (காரோடு மாட்டும் முன்முனை) லேசாகி, ஓடும்போது வால் ஆடும். குளியலறைத் தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, கேரவனின் மூக்கை அதில் இறக்கினால் எடை தெரிந்துவிடும். எங்களுக்கு 70 கிலோ சரியாக இருக்கிறது.

உங்கள் காரின் டேரையும் நீங்கள் பார்த்துவைத்த கேரவனின் ஜிவிஎம்மையும் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் வேண்டாம்.