மலிந்தாள், ஆனாலும் எரிகிறேன்: கட்டுல்லஸ் கேள்வி பதில்

லெஸ்பியா என்ற புனைபெயரில் தன் காதலியைப் பாடியவர் கட்டுல்லஸ், கி.மு. முதல் நூற்றாண்டின் லத்தீன் கவிஞர். அவருடைய கசந்த காதல் கவிதைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: 85ஆம் கவிதை இரண்டே வரி. அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: "வெறுக்கிறேன், காதலிக்கிறேன். ஏன் இதைச் செய்கிறேன் என்று கேட்பாய். தெரியவில்லை; ஆனால் அது நிகழ்வதை உணர்கிறேன், வதைபடுகிறேன்." மூலத்தில் 14 சொற்கள், அவற்றில் 8 வினைகள். பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை. 'செய்கிறேன்' என்று தொடங்கியது 'நிகழ்கிறது' என்று மாறும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே மனிதன் தன் பிடியை இழந்துவிடுகிறான்.

கேள்வி: லெஸ்பியா உண்மையில் யார்?

பதில்: அவள் பெயர் கிளோடியா என்று பிற்கால ரோமானிய எழுத்தாளர் அப்புலேயஸ் எழுதினார். ரோமானிய அரசியல்வாதி மெட்டெல்லஸ் கெலரின் மனைவியான கிளோடியாதான் அவள் என்பது பலரின் கருத்து. அந்தக் கிளோடியாவை கி.மு. 56இல் சிசரோ நீதிமன்றத்தில் கடுமையாகத் தாக்கினார். எதிர்த்தரப்பைச் சாய்க்க ஒரு வழக்கறிஞர் பேசிய பேச்சை அவளுடைய வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 72ஆம் கவிதையில் "தந்தை மகன்களையும் மருமகன்களையும் நேசிப்பதுபோல் உன்னை நேசித்தேன்" என்கிறாரே? காதலுக்கு இது பொருந்தாத உவமை.

பதில்: பொருந்தாததால்தான் அது அங்கே இருக்கிறது. ஊரார் ஆசைநாயகியை விரும்புவதுபோல் மட்டும் அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார். மருமகன் உறவில் இச்சை இல்லை, நம்பிக்கையும் கடமையும் உண்டு. அந்த உறவை அவளிடம் எதிர்பார்த்தார், ஏமாந்தார். கவிதை இப்படி முடிகிறது: இத்தகைய துரோகம் காதலனை அதிகமாகக் காதலிக்கவும் குறைவாக மதிக்கவும் வைக்கிறது.

கேள்வி: லெஸ்பியா கற்பனைப் பாத்திரமா?

பதில்: மேலே இரண்டாம் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: 72ஆம் கவிதையின் முடிவில் 'மதிக்க' என்றீர்களே, அது பிழை. மூலத்தில் 'பெனே வெல்லே' என்று இருக்கிறது. அதற்கு நலம் நாடுதல் என்றே பொருள்.

பதில்: நீங்கள் சொல்வதே சரி, திருத்திக்கொள்கிறேன். கடைசி வரியில் குறைவது நலம் நாடும் மனம். மதிப்பு அதற்கு இரண்டு வரி முன்பே போய்விடுகிறது: "முன்னிலும் எரிகிறேன், ஆனாலும் நீ எனக்கு மலிவானவள், எடை குறைந்தவள்." விலையும் எடையும்! மதிப்பு என்றால் விலையும் மரியாதையும், கனம் என்றால் எடையும் கௌரவமும் என்று அறிந்த நமக்கு இவ்வரி உரையே இல்லாமல் புரியும். முதலில் மதிப்பு, பிறகு நல்லெண்ணம் என்று ஒவ்வொன்றாகக் கழன்று ஆசை மட்டும் நிற்கிறது. இந்த வரிசையை 'மதிக்க' என்ற என் சொல் மறைத்துவிட்டது.

கேள்வி: பிற்கால லத்தீன் கவிஞர் ஓவிடும் இப்படிப் பாடியிருக்கிறாரா?

பதில்: அவருடைய காதல் கவிதைத் தொகுப்பான 'அமோரெஸ்' மூன்றாம் நூலில் உண்டு: "முடிந்தால் வெறுப்பேன், முடியாவிட்டால் விரும்பாமலே காதலிப்பேன்."

கேள்வி: லெஸ்பியா அவ்வளவு கெட்டவளா?

பதில்: அவள் தரப்பு நம்மிடம் இல்லை. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், கவிதையை வைத்து அவளுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி: அவள் திருந்தியிருந்தால் மன்னித்திருப்பாரா?

பதில்: 75ஆம் கவிதையைப் படியுங்கள். நீ உத்தமியாகவே மாறினாலும் இனி என்னால் உன் நலம் நாட முடியாது; நீ எதைச் செய்தாலும் காதலிப்பதை நிறுத்தவும் முடியாது என்கிறார்.