எந்தக் கொப்பில் கால் வைத்தான்?

அன்புள்ள அக்கா,

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தரம் 6 பையன் ஒருவன் பாலைப்பழம் பறிக்க ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டான். "கண்டம் கழிஞ்சுது" என்று தாய் கோயிலில் நூல் கட்டிவிட்டார். கட்டுக் கழற்றிய கிழமையே திரும்ப ஏறிவிட்டான். அவனை வகுப்பின் முன் நிறுத்தி, நூல் மூடநம்பிக்கை என்று விளக்கினேன். பலனில்லை. இந்த நம்பிக்கைகளை எப்படி ஒழிப்பது? சுவரொட்டி ஒட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலை பழுக்கத் தொடங்கினாலே எனக்கும் இந்தப் பயம் பிடித்துவிடும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

11 வயதுப் பிள்ளையை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, தாய் கட்டிய நூலைக் காட்டிப் பேசியது பெரிய தவறு. 2009 போரைக் கடந்து வந்த ஒரு தாய் "கண்டம் கழிஞ்சுது" என்றால், பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று மூச்சு விடுகிறாள். அதை ஒழிக்க நீங்கள் யார்? நாளைக்கு அவன் விழுந்தால் உங்களிடம் வந்து சொல்வானா? அதே வகுப்பின் முன் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

சரி, நூலை விடுங்கள். ஏன் விழுந்தாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? "கெட்ட நேரம் சேர்." வினை அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் காயங்களுக்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கனடாவில் பார்பரா மொரொஞ்சியெல்லோ என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளே கூடுதலாக அதிர்ஷ்டத்தின் மேல் பழியைப் போட்டார்கள். நம் ஊர்க் கண்டமும் நூலும் தெரியாத பிள்ளைகள் அவர்கள். நேரம் சரியில்லாமல் விழுந்தவனுக்குத் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? நேரம் மாறியதும் ஏறுவான்.

மீள்குடியேறிய புதிதில் எங்கள் ஒழுங்கை முடிவில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது. பக்கத்து வீட்டுச் சின்னவன் என் கையைப் பிடித்து இழுத்து, "அன்ரி, அங்கால போகாதேங்கோ, மிதிவெடி" என்றான். அன்று பின்னேரம் பார்த்தால், கட்டில்லாத கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறான். பதறிப்போய்க் கேட்டேன். "நான் விழமாட்டன்." கிணறு ஆழம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவன் அம்மா விறகுக்குக்கூட அந்தப் பலகையைத் தாண்டியதில்லை. தண்ணீர் அள்ளியதோ அதே விளிம்பில் நின்றுதான். அதனால் மிதிவெடி தன்னையும் பிடிக்கும் என்று அவனுக்குப் பட்டது, கிணறு அப்படிப் படவில்லை. 1950களில் அமெரிக்காவில் காசநோய் எக்ஸ்ரேக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: நோய் தனக்கும் வரும் என்று பட்டவர்களே கூடுதலாக வந்தார்கள்.

ஆகவே கொப்பைக் கேளுங்கள். எந்தக் கொப்பில் கால் வைத்தான்? பச்சைக் கொப்பா, பட்டதா? நுனிப் பழத்துக்கு எட்டினானா? ஒரு கையில் பை இருந்ததா? காலில் செருப்பா? கீழே நின்று "இன்னும் மேல ஏறடா" என்று கத்தியது யார்? நடுவில் "நேரம்" என்றானென்றால் கோபிக்காமல் திரும்பக் கொப்புக்கே வாருங்கள். பத்துத் தரம் சொன்னாலும் பத்துத் தரமும் கொப்புக்கே வாருங்கள். மரத்தடிக்குக் கூட்டிப்போய், விழுந்த இடத்தையும் முறிந்த கொப்பையும் அவனையே காட்டச் சொல்லுங்கள்.

சுவரொட்டி வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நீளமான கொக்கத்தடி செய்துகொடுங்கள். மரத்தடிக்குத் தாயையும் கூப்பிடுங்கள். அவனே அவருக்குக் கொப்பைக் காட்டட்டும்.