மீள்வதும் வளர்வதும் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்துக்களைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. என் மகளுக்கு நான்கரை வயது. ஐந்து மாதங்களுக்கு முன் ஒருநாள் காலையில் அவளுடைய வலது கை துவண்டு கிடந்தது. கையை மடித்துப் படுத்ததால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தோம். மதியத்துக்குள் அது சரியாகியும்விட்டது. மறுநாள் வாய் கோணியது, பேச்சு நின்றது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துப் பக்கவாதம் என்றார்கள். மூன்று வாரத்தில் இன்னொன்று வந்தது. மொயாமொயா என்ற ரத்தக்குழாய் நோய் என்று கண்டறிந்து, தலையின் இரு பக்கமும் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். இப்போது வலது காலைச் சற்றே இழுத்து நடக்கிறாள். வலது கையை மூடியே வைத்திருக்கிறாள். எதைக் காட்டினாலும் ‘அப்பா’ என்று மட்டும் சொல்கிறாள். அழத் தொடங்கினால், மறுபடி வந்துவிடுமோ என்று எங்களுக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

பழையபடி ஆவாளா என்று கேட்டால் ‘பொறுத்திருந்து பார்ப்போம்’ என்கிறார்கள். என் மனைவி ஒரு நோட்டில் அவள் செய்வதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கிறாள். என்னால் அதைப் படிக்க முடியவில்லை. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. அந்த முதல் காலையிலேயே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்ற எண்ணம் தூங்கவிடுவதில்லை. ஒன்பது வயது மகன் ‘தங்கச்சி எப்போ சரியாவா’ என்று கேட்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எதை வைத்து நம்புவது?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நான் எழுத விரும்பியதற்கு என் தங்கையின் அனுமதி தேவைப்பட்டது. அவளுடைய மகனுக்கு மூன்று வயதில், சின்னம்மை வந்துபோன சில மாதங்களுக்குப் பிறகு, மூளையின் ரத்தக்குழாய் ஒன்று வீங்கிச் சுருங்கிப் பக்கவாதம் வந்தது. இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. நான் மருத்துவன் அல்லன். நோயைப் பற்றி இங்கே சொல்பவை அந்தப் பதினாறு ஆண்டுகளில் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்த வீடு கற்றுக்கொண்டவை. உங்கள் மகளின் மருத்துவர் சொல்வதற்கு மாறாக இதில் ஏதேனும் இருந்தால் அவர் சொல்வதையே கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் காலையைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் அது மனத்தில் நிற்கும்வரை வேறெதுவும் உங்கள் காதில் விழாது. குழந்தைக்கும், ஏன், கருவிலிருக்கும் சிசுவுக்கும்கூடப் பக்கவாதம் வரும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. வலிப்பும் ஒற்றைத் தலைவலியும் இதே போன்ற தற்காலிகச் செயலிழப்பை உண்டாக்குவதால், மருத்துவமனைக்குள் வந்துவிட்ட குழந்தைகளுக்கே நோய் இன்னதென்று தெரியப் பல மணி நேரம், பலருக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகிறது. என் தங்கை மகனை முதலில் பார்த்த மருத்துவர், விழுந்ததில் பிசகிய கை என்று கட்டுப்போட்டு அனுப்பினார். உங்கள் மகளின் நோயில், கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் பெரிய ரத்தக்குழாய்கள் மண்டைக்குள் நுழைந்து கிளைபிரியும் இடத்தில் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வருகின்றன. அந்தக் குறையை ஈடுசெய்ய நூல் நூலாகச் சிறு குழாய்கள் முளைக்கின்றன. ஆஞ்சியோகிராம் படத்தில் அவை புகை படர்ந்தாற்போலத் தெரிவதால்தான், 1969-இல் சுசுகி, தகாகு என்ற இரு ஜப்பானிய மருத்துவர்கள் ஜப்பானிய மொழியில் புகைபோல மங்கலானதைக் குறிக்கும் மொயாமொயா என்ற சொல்லை அதற்கு வைத்தார்கள். அந்தச் சுருக்கம் அன்று காலையில் தொடங்கியதில்லை. அவள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, யார் கண்ணிலும் படாமல் அது நடந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் கை காலையில் துவண்டு மதியத்தில் சரியாகிவிட்டால் மரத்துப்போயிருந்தது என்றுதான் எந்தத் தகப்பனும் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘பழையபடி ஆவாளா’ என்ற கேள்வியைத்தான் நீங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதற்கு விடை கிடைக்காததையே நம்பிக்கைக்கு இடமில்லை என்பதாக எடுத்துக்கொள்கிறீர்கள். அறுபது வயதில் பக்கவாதம் வந்த ஒருவரிடம் அந்தக் கேள்வி பொருந்தும். அவர் எழுதினார், பேசினார், கடைக்குப் போனார். அவர் மீள்வது என்றால் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போவது. நான்கரை வயதுக் குழந்தைக்குத் திரும்பிப் போவதற்கான இடம் அப்படி ஒன்றும் இல்லை. இந்த நோயே வராமலிருந்தாலும், ஐந்து மாதங்களுக்கு முன் நீங்கள் பார்த்த அந்தச் சிறுமி இன்று இருந்திருக்க மாட்டாள். அவள் வாக்கியங்கள் நீண்டிருக்கும், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருப்பாள், உங்களுக்குப் பிடித்த அந்த மழலைச் சொல் ஒன்று உதிர்ந்துபோயிருக்கும். உங்கள் மகள் மீண்டுகொண்டும் இருக்கிறாள், வளர்ந்துகொண்டும் இருக்கிறாள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நடப்பதால்தான் மருத்துவர்களால் கணித்துச் சொல்ல முடிவதில்லை. ‘பொறுத்திருந்து பார்ப்போம்’ என்பதை நீங்கள் கைவிரிப்பாகக் கேட்கிறீர்கள். என் தங்கையும் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள், மருத்துவர்கள் அதை அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள்.

இளம் மூளை நன்றாக மீளும் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். 1930-களில் மார்கரெட் கென்னார்ட் என்ற ஆய்வாளர், மூளையில் காயம்பட்ட குட்டிக் குரங்குகள் வளர்ந்த குரங்குகளைவிட நன்றாக நடமாடுவதைக் கண்டதிலிருந்து அந்தக் கருத்து பரவியது. அது பொய்யில்லை. பேச்சு பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்திருக்கிறது. பிறந்த காலத்திலேயே அந்தப் பக்கம் பழுதுபட்ட குழந்தைகள் வலப்பக்கத்தைக் கொண்டு பேசக் கற்றுக்கொள்கிறார்கள். நான்கு வயதில் அந்த நெகிழ்வு அவ்வளவு இராது என்றாலும் நமக்கு இருப்பதைவிட மிக அதிகம். ஆனால் அது முழு உண்மையும் இல்லை. எஞ்சியிருக்கும் பகுதிகளைக் கொண்டே பழைய வேலையையும் செய்து, இனிக் கற்க வேண்டியதையும் கற்க வேண்டியிருப்பதால், கவனம், கணக்கு, திட்டமிடுதல் போன்றவற்றில் சில குறைகள் பள்ளிக்கூட வயதில்தான் வெளிப்படும். இதை இப்போதே சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்வதற்காக இல்லை. எட்டு வயதில் அவள் வகுப்பில் தடுமாறினால் சோம்பேறித்தனம் என்று யாரும் அவளைத் திட்டிவிடக் கூடாது, அப்போது நீங்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்காக.

ஒரே ஒரு காட்சியை மட்டும் அருகிலிருந்து சொல்கிறேன். மூடிய கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பக்கவாதம் வந்த கைக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கடினம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பயிற்சி அறையில் என் தங்கை மகன் ஒரு சிவப்பு மரக்கட்டையைப் பற்றிக்கொண்டிருந்தான். அதை டப்பாவுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கட்டையைப் பார்க்கிறான், விரல்களைப் பார்க்கிறான், நாக்கு உதட்டோரம் வந்துவிட்டது, தோள் காதுவரை ஏறுகிறது, விரல்கள் மட்டும் திறக்கவில்லை. நான் எழுந்து பிரித்துவிடப் போனேன். தங்கை கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள். அவன் மணிக்கட்டின் கீழே தன் கையைக் கொடுத்து மெதுவாகத் தாழ்த்தினாள், ஏனென்றால் மணிக்கட்டு கீழே மடியும்போது விரல்கள் தாமாகச் சற்று இளகும். பிறகு உதடு அசையாமல் எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தொன்றில் சுண்டுவிரல் விலகியது. கட்டை டப்பாவில் விழுந்த சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. அவள் நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக 41 என்று எழுதினாள். வேறு ஒரு சொல்கூட இல்லை. அடுத்த வாரம் 38, பிறகு 44, பிறகு 30. ஏழாம் மாதத்தில் ஒருநாள் 9.

உங்கள் மனைவி எழுதும் நோட்டும் அப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். தன்னை ஏமாற்றிக்கொள்பவர் தேதி போட்டு எழுத மாட்டார். தேதியோடு எழுதினால் முன்னேறாத வாரங்களும் அதில் பதிந்துவிடும். ஐயா, வீட்டில் உண்மையைக் கண்கொண்டு பார்ப்பது உங்கள் மனைவிதான் என்பது என் எண்ணம். நீங்கள் மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஐந்து மாதத்துக்கு முந்தைய குழந்தையை அருகில் நிறுத்தி ஒப்பிடுகிறீர்கள். அந்த ஒப்பீட்டில் இந்தக் குழந்தை தினமும் தோற்றுக்கொண்டே இருக்கிறாள். பெரிதாக ஆசைப்பட்டுப் பிறகு உடைந்துபோகக் கூடாது என்று அஞ்சுகிறீர்கள், அதுவும் அன்பினால் வருவதுதான். இன்று இரவு அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். எதை வைத்து நம்புவது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் அந்த நோட்டுதான்.

‘அப்பா’ என்ற ஒரே சொல்லைப் பற்றி எழுதியதை நான் வேறு விதமாக வாசித்தேன். தண்ணீரைக் காட்டி அவள் சொல்லும் ‘அப்பா’வும், நாயைப் பார்த்துச் சொல்லும் ‘அப்பா’வும் ஒரே தொனியில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். தொனி மாறுகிறது என்றால், எது தண்ணீர், எது நாய் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிகிறது, அதற்குரிய சொல்தான் கைக்கு எட்டவில்லை. ‘இது என்ன, சொல்லு’ என்று சோதிப்பதைவிட, ‘பாலா, தண்ணியா?’ என்று இரண்டைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது உதவும் என்று பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்குச் சொன்னார். காத்திருப்பதுதான் நமக்கு வராது. பத்து நொடி மௌனம் பெரியவர்களுக்கு யுகமாகத் தெரிகிறது. அவளுக்குத் தெரிந்த பாட்டு ஏதேனும் இருந்தால் சேர்ந்து பாடிப் பாருங்கள். பேச்சில் வராத சொல் பாட்டில் வந்துவிடுவது பல குழந்தைகளிடம் உண்டு.

கைக்கும் இதே போன்ற ஒன்று உண்டு. முயன்று முயன்று தோற்ற கையை மூளை கணக்கிலிருந்தே விட்டுவிடக் கற்றுக்கொள்கிறது. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இதைக் குரங்குகளிடம் கண்டு, நல்ல கையைத் தடுத்துவைத்தால் தளர்ந்த கை மீண்டும் வேலைக்கு வருகிறது என்று காட்டினார். இன்று குழந்தைகளுக்கு நல்ல கையில் உறையோ மாவுக்கட்டோ போட்டுச் சில வாரங்கள் விளையாட்டாகப் பயிற்சி தருகிறார்கள். இதை நீங்களாக வீட்டில் செய்துவிடாதீர்கள், கைக்கும் அன்றாட வேலைகளுக்கும் பயிற்சி தரும் உங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் இவளுக்கு ஏற்றதா என்று கேளுங்கள்.

அழுகையைப் பற்றிய உங்கள் பயம் வீண் பயம் இல்லை. இந்த நோயில் குழந்தை விம்மி விம்மி அழும்போது மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, மூளையின் குழாய்கள் இன்னும் சுருங்கும். உடலில் நீர் வற்றினாலும் ஆபத்துதான். அறுவை சிகிச்சை இந்த ஆபத்தைக் குறைப்பதற்காகத்தான். ஆனால் அதில் தலையின் தோலிலிருந்து கொண்டுவந்த ரத்தக்குழாய், நேரடியாக இணைக்கப்படாமல் மூளையின் மேல் படர வைக்கப்பட்டிருந்தால், அதிலிருந்து புதுக் கிளைகள் வேர்விட மாதங்கள் ஆகும். எந்தக் கட்டத்தில் இருக்கிறாள், எவ்வளவு அழுகையைப் பொறுக்கலாம், எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும் என்று அறுவை மருத்துவரிடம் நேராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தெளிவு இல்லாவிட்டால், அவள் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். மறுப்பென்பதே இல்லாத வீடு எந்தக் குழந்தைக்கும் நல்லதில்லை.

ஆறு மாதத்தில் வராதது இனி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை, அதோடு நின்றுவிடும் என்பது உண்மையில்லை. ஸ்டெம்செல் ஏற்றிச் சரிசெய்கிறோம் என்று பணம் கேட்பவர்களிடமும் போகாதீர்கள். குழந்தைகளின் பக்கவாதத்துக்கு அது நிறுவப்பட்ட சிகிச்சை இல்லை.

என் தங்கை மகன் எப்படி இருக்கிறான் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். இடது கையால் எழுதுகிறான், வலது கை தாளைப் பிடித்துக்கொள்கிறது. காலில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாங்கியைப் பதினோரு வயதில் விட்டான். வலிப்புக்கு இன்றும் மாத்திரை உண்டு. கணக்கு அவனைப் படாதபாடு படுத்தியது. பிற்பகலில் சீக்கிரம் களைத்துவிடுகிறான். தொலைதூர ரயில்களின் கால அட்டவணைகள் அவனுக்கு மனப்பாடம், அவனோடு பயணம் போவது எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று வயது வரை இருந்த அந்தச் சிறுவனுக்காகத் தங்கை இப்போதும் எப்போதாவது அழுகிறாள். அந்த அழுகையையும் இவனைப் பார்த்து அவள் கொள்ளும் மகிழ்ச்சியையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகனின் கேள்வி மிச்சமிருக்கிறது. அவனிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: மூளையில் ஓரிடத்துக்கு ரத்தம் போகாமல் அடிபட்டுவிட்டது, அது தொற்றும் நோயில்லை, நீ செய்த எதனாலும் வரவில்லை, எப்போது சரியாகும் என்று எங்களுக்கும் தெரியாது, தெரியும்போது உன்னிடம் சொல்வோம். ‘நீ செய்ததால் வரவில்லை’ என்பதை அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், ஏனென்றால் முந்தைய நாள் அவளைத் தள்ளிவிட்டது அவன் நினைவில் இருக்கலாம். சில குடும்பங்களில் இந்நோய் ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதுண்டு என்பதால், அவனுக்குப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பிறகு, அந்த நோட்டில் எழுத அவனையும் விடுங்கள். என் தங்கையின் நோட்டில், அப்போது ஏழு வயதாயிருந்த மூத்த மகளின் கோணல் எழுத்தில், ஒரு புகார் இருக்கிறது: ‘தம்பி ரெண்டு கையாலயும் என் முடிய பிடிச்சு இழுத்தான்.’ அன்றுவரை அவனுடைய இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு வேலை செய்ததை வீட்டிலோ பயிற்சி அறையிலோ யாரும் பார்த்திருக்கவில்லை.

அன்புடன்.