உசிலம்பட்டியில் 100 சதவீதப் பள்ளியா, 91 சதவீதப் பள்ளியா?

மகளை ஆறாவதில் சேர்க்க இரண்டு பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். பத்தாவது தேர்ச்சியில் அரசு உதவி பெறும் தனியார் பள்ளி 100 சதவீதம், அரசுப் பள்ளி 91. எதில் சேர்க்கலாம் என்று கேட்கிறீர்கள். 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பஸ் ஸ்டாண்டில் தொங்கும் ஃபிளெக்ஸைப் பார்த்து வந்த சந்தேகமாக இருக்கும்.

அப்படி ஒரு ஃபிளெக்ஸுக்காகத்தான் என் தம்பியை அவன் படித்த உதவி பெறும் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 2014, ஒன்பதாவது முழுப்பரீட்சையில் கணக்கில் 19. களையெடுப்பைப் பாதியில் விட்டுப் போன அம்மாவிடம், "நீங்களே எழுதிக் குடுத்து டி.சி. வாங்கிக்கிட்டா பாஸ்னு போட்டுத் தர்றோம். இல்லைன்னா இன்னொரு வருஷம் ஒம்பதாவதுலயே இருக்கட்டும்" என்றார்கள். எட்டாவது வரை ஃபெயில் போட முடியாது, ஒன்பதாவதில் போடலாம். அதை வைத்துத்தான் மிரட்டல். அவன் வகுப்பில் மட்டும் ஏழு பேர் போனார்கள். மறு வருஷம் அங்கே நூற்றுக்கு நூறு. பொய்யும் இல்லை, பரீட்சை எழுதியவர்களை வைத்துத்தானே சதவீதம்!

அரசுப் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு சார் சாயங்காலம் ஆறரை வரை உட்கார வைப்பார். சுண்டல் அவர் காசு. வரைபடம், செய்முறை வடிவியல், திரும்பவும் வரைபடம். தம்பி பத்தாவது கணக்கில் 41 எடுத்தான். அந்த வருஷம் அந்தப் பள்ளிக்கு நூறு வரவில்லை. வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொண்டால் எப்படி வரும்?

   

உதவி பெறும் பள்ளிகள் எல்லாமே இப்படி என்று சொல்ல வரவில்லை. நேர்மையாக நூறு வாங்குகிற பள்ளியும் உண்டு, கணக்குக்கு ஆளே இல்லாத அரசுப் பள்ளியும் உண்டு. அரசுப் பள்ளிக்குப் பரிந்து பேச எங்கள் வீட்டில் யாரும் வாத்தியாரும் இல்லை.

இரண்டு பள்ளிக்கும் நேரில் போங்கள். போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர், இந்த வருஷம் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினாலே பாதி தெரிந்துவிடும். கணக்கு, அறிவியலுக்கு ஆசிரியர் இருக்கிறார்களா, பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் என்றும் பாருங்கள்.

அப்புறம், மகளுக்கு டாக்டர் ஆசை இருந்தால் இப்போதே யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் வந்துவிட்டது, இந்த ஒதுக்கீடு அவர்களுக்கு வரவில்லை.