மேகமூட்டம் மிகுந்த பகுதியில் சோலார் பேனல் பயன் தருமா?

கேள்வி: எங்கள் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி வானம் மூடியே இருக்கும். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் பேனல் அமைக்க எண்ணுகிறோம். விற்பனையாளர், மேகம் இருந்தாலும் மின்சாரம் வரும் என்கிறார். என் மைத்துனரோ, வெயில் இல்லாத இடத்தில் இது வீண் செலவு என்கிறார். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: விற்பனையாளர் சொல்வது உண்மை, ஆனால் எவ்வளவு வரும் என்பதை அவர் சொல்லவில்லை. உங்கள் மைத்துனரின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. ஆனாலும் இந்தக் கேள்வியை ஒரு மழைநாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் யூனிட்டுகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பேனலின் மீது எழுதப்பட்டிருக்கும் வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது, 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஆய்வகத்தில் அளந்த அளவு. அடர்ந்த மேகமூட்டத்தில் அதில் 10 முதல் 25 விழுக்காடு வரைதான் பொதுவாகக் கிடைக்கும். அதாவது உங்கள் 3 கிலோவாட் அமைப்பு நண்பகலில்கூட 300 முதல் 750 வாட் வரையே தரக்கூடும். வானம் கறுத்து மழை கொட்டும்போது அதுவும் குறையும். மெல்லிய மேகமாக இருந்தால் இழப்பு இதைவிடக் கணிசமாகக் குறைவு. மேகத்தால் சிதறி வானத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் ஒளியையும் சிலிக்கான் பேனல் மின்சாரமாக மாற்றிவிடும் என்பதால்தான் உற்பத்தி முற்றாக நின்றுபோவதில்லை.

குளிர்ச்சியால் கிடைக்கும் நன்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேனலின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைகிறது. கொளுத்தும் வெயிலில் 65 டிகிரியை எட்டிய பேனல் இதனால் மட்டும் ஏழில் ஒரு பங்கு திறனை இழந்து நிற்கும். குளிர்ந்த, மேகமூட்டமான பகுதிகளில் இந்த இழப்பு மிகச் சிறியது. அடிக்கடி பெய்யும் மழை தூசியையும் கழுவிவிடுகிறது.

ஜெர்மனியில் ஆண்டு முழுவதும் தரையை வந்தடையும் சூரிய ஒளியில் ஏறக்குறைய பாதி, சிதறிய ஒளியே. அங்கே ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 900 முதல் 1000 யூனிட் வரை தருகிறது; வெயில் மிகுந்த நாடுகளில் இது 1500 யூனிட்டையும் தாண்டும். இருந்தும் 2023ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சூரிய ஒளியிலிருந்து கிடைத்தது. ஒளி குறைவாக இருந்தும் அங்கு இது பயன்படுவதற்கு மின்கட்டணம் உயர்வாக இருப்பது முக்கியக் காரணம்: ஒவ்வொரு யூனிட்டும் அதிகப் பணத்தை மிச்சப்படுத்துகிறது. ஆகவே வானத்தைப் பார்ப்பதற்கு இணையாக உங்கள் மின்கட்டண ரசீதையும் பார்க்க வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் என்ற இலவச இணைய வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறித்தால், மேகமூட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நெடுங்கால சராசரி உற்பத்தி தெரியும். அது கிலோவாட்டுக்கு 950 யூனிட் என்று காட்டினால், உங்கள் அமைப்பு ஆண்டுக்கு 2850 யூனிட் தரும். அதில் நீங்களே பயன்படுத்தும் யூனிட்டுகளை நீங்கள் கட்டும் விலையாலும், மின்வாரியத்துக்கு அனுப்பும் யூனிட்டுகளை அவர்கள் தரும் விலையாலும் பெருக்கிக் கூட்டினால் ஆண்டுச் சேமிப்பு கிடைக்கும். மொத்தச் செலவை அதனால் வகுத்தால் முதலீடு திரும்பும் காலம் தெரிந்துவிடும். பேனல்களுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் வழக்கமாக உண்டு. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற நேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளுக்குள் பணம் திரும்புமானால் தயங்காமல் பொருத்தலாம் என்பது என் கருத்து. பதினைந்தைத் தாண்டினால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அனுப்பும் யூனிட்டை வாங்கும் யூனிட்டிலிருந்து கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் முறையில் முழு ஈடு கிடைக்கும் இடங்களில் கவலை குறைவு. குறைந்த விலையே கிடைக்கும் இடங்களில், துணி துவைப்பது, தண்ணீர் சூடாக்குவது போன்ற வேலைகளைப் பகலுக்கு மாற்றினால்தான் கணக்கு சரிப்படும். பேட்டரி வாங்கி இருண்ட மாதங்களைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். வீட்டுப் பேட்டரி பகலின் மிச்சத்தை இரவுக்குக் கொண்டுசெல்லும். தொடர்ந்து பத்து நாள் வானம் மூடியிருந்தால் அதை நிரப்பவே பேனலில் மின்சாரம் மிஞ்சாது. மின்வெட்டைச் சமாளிப்பதும் உங்கள் நோக்கமானால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்வெட்டின்போது பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும்.

மேகத்தைவிட எனக்குக் கவலை தருவது நிழல். மேகம் எல்லாப் பேனல்களின் உற்பத்தியையும் ஒரே அளவில் குறைக்கிறது. ஆனால் தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் விழும் மர நிழல், அந்தத் தொடர் முழுவதையுமே பாதிக்கக்கூடும். வெயில் அரிதான பகுதியில் தெளிந்த வானம் கிடைக்கும் சில மணி நேரத்தையும் இப்படி இழக்கக் கூடாது. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிழலையும் சேர்த்துக் கணக்கிட்ட மாதவாரி உற்பத்தி மதிப்பீட்டை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதன் ஆண்டுக் கூட்டுத்தொகையை வரைபடம் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, அதைவிட மிக அதிகமாக இருந்தால் காரணத்தை விளக்கச் சொல்லுங்கள்.