அக்கா சொல்லாமல் கிளம்பலாமா?

சனிக்கிழமை உங்கள் அக்கா திருச்சிக்குப் போகும்போது அவருடைய சின்ன மகனை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்; அவன் அழாமலிருக்க அக்கா சொல்லாமலே கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் நழுவ வேண்டாம். திருச்சிப் பேருந்தைப் பிடிக்க மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பும்முன் உங்கள் அக்கா குழந்தையின் முகம் பார்த்து, "தூங்கி எழுந்ததும் அம்மா வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு உடனே புறப்படட்டும். வாசலில் நின்று மறுபடி மறுபடி திரும்பி வருவதுதான் அழுகையை நீட்டிக்கும்.

சென்ற முறை நீங்கள் தூக்கியதும் அவன் வீறிட்டதற்கு உங்கள் கை பழக்கமில்லாதது மட்டும் காரணமன்று. ஒன்றரை வயதை ஒட்டிய பருவத்தில், கண்ணுக்கு மறைந்த தாய் திரும்பி வருவாள் என்ற உறுதி குழந்தைக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது.

சனிக்கிழமைக்கு முன்பே ஒரு நாள், அக்கா கடைக்குப் போய்வரும் அரை மணி நேரம் குழந்தையை நீங்கள் தனியே வைத்துப் பாருங்கள். அக்கா உடுத்தித் துவைக்காத, அம்மாவின் வாசனை மாறாத சுங்குடிச் சேலையை விரித்து, அதன்மேல் உட்காரவைத்து விளையாட்டுக் காட்டுங்கள் (எங்கள் வீட்டில் பொம்மையைவிட அதுதான் பலித்தது). கால் மணி நேரத்தில் அழுகை தணிந்தால் சனிக்கிழமைப் பொழுதையும் சமாளித்துவிடலாம்.

ஆனால் எல்லா அழுகையும் ஏக்கமாகாது. காய்ச்சல், தொடர் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அக்காவை அழைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சமாதானப்படுத்த முழு வேர்க்கடலையோ திராட்சையோ கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.