ஒற்றி எடுத்த கோடு

வணக்கம். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் என்றால் எனக்கு அவருடைய சூப் டப்பா படங்களும் நடிகை மர்லின் மன்றோ படங்களும்தான். அண்மையில் ஒரு கலைப் புத்தகத்தில், 1950களில் அவர் தாளில் மையால் வரைந்த பெண்கள் ஷூ ஒன்றைப் பார்த்தேன். கோடு அங்கங்கே அறுந்து, மை திட்டுத்திட்டாக நிற்கிறது. கை பழகாத காலத்துப் படமா? விளம்பரத்துக்குப் போட்டதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

கையெல்லாம் நன்றாகப் பழகிய காலம் அது. பிட்ஸ்பர்க்கில் படிப்பை முடித்து 1949-இல் நியூயார்க் வந்தவர், 1955 முதல் ஐ. மில்லர் ஷூ கம்பெனிக்காக நியூயார்க் டைம்ஸில் வந்த விளம்பரங்களுக்கு வரைந்தார். ஊரே கவனித்த படங்கள்.

நீங்கள் பார்த்த கோட்டை அவருடைய பேனா அந்தத் தாளில் போடவே இல்லை. மை உறிஞ்சாத வழுவழுப்பான தாளில் முதலில் பென்சிலால் வரைவார். அதன் ஓரத்தில் மை உறிஞ்சும் தாள் ஒன்றை, நோட்டுப் புத்தகம் போல மூடித் திறக்கும்படி டேப் போட்டு ஒட்டுவார். பென்சில் கோட்டின்மேல் நிப்புப் பேனாவால் கொஞ்சம் மை. காய்வதற்குள் மற்ற தாளை மடித்து ஒற்றல். மறுபடி கொஞ்சம் மை, மறுபடி ஒற்றல். நாம் பார்ப்பது அந்த ஒற்றிய பக்கத்தை.

பட்டர் பேப்பரில் ஒரு செருப்பை வரைந்து நானும் செய்து பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் மை போட்டால் தொடங்கிய முனை காய்ந்துவிடுகிறது; அங்கே கோடு வெறும் புள்ளிகளாகத்தான் இறங்குகிறது. குதிகால் வளைவில் மை தேங்கி, அழுத்தியதும் மிளகு அளவுக்குப் பரந்துவிட்டது. எங்கே அறும், எங்கே தடிக்கும் என்பது தாளைப் பிரிக்கும்போதுதான் தெரியும். அந்த நொடிக்காகவே மறுபடி மறுபடி செய்தேன்.

அப்புறம், மூலத்தின்மேல் திரும்ப மை போட்டால் அதே ஷூவை இன்னொரு தாளிலும் ஒற்றலாம். ஒரே உருவம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி. 1962-இல் சில்க் ஸ்கிரீனில், அதாவது மெல்லிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி, மர்லினை அச்சடித்தபோது ஒரு முகத்தில் மை குறைந்தும் இன்னொன்றில் அப்பியும் விழுந்ததே, அது இந்தத் தாளிலேயே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். விளம்பர வேலை, கலை என்று அவர் வாழ்க்கையை நடுவில் வெட்டிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிழையை அவர் அப்படியே விட்டுவைத்ததற்கு இன்னொரு சாட்சி அவருடைய அம்மா ஜூலியா. மகனின் படங்களுக்கு அலங்கார எழுத்து எழுதித் தந்தவர். 1954-இல் வந்த பூனைப் படப் புத்தகத்தின் தலைப்பில் ‘நேம்ட்’ என்று இருக்கவேண்டிய ஆங்கிலச் சொல்லில் கடைசி எழுத்தை விட்டுவிட்டார். மகன் திருத்தவில்லை, அப்படியே அச்சானது.

நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். மழைநாளாக இருந்தால் நல்லது, மை மெதுவாகக் காயும்.